நேத்துப் பூ

அத்தியாயம் 6

குஞ்சம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாய் மடித்த செய்தித்தாள் துண்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சௌந்தர்யா பிரித்துப் பார்த்தாள். உள்ளே ஒரு நகம் இருந்தது. நீளமான கட்டைவிரல் நகம். நுனி பழுப்பேறிக் கிடந்தது. அடியில் காய்ந்த ரத்தம் ஒரு கோடாய் ஒட்டியிருந்தது.

"இது யாருதுங்க?" என்றான் தனபால்.

"என்றதுதான் சாமி." குஞ்சம்மாள் வலதுகைக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். நகம் சதையோடு ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. "திங்கக்கெழம பொழுதோட பண்ணையக்காரரு கத்தரிக்கோல்ல வெட்டிட்டாருங்க. என்ற கேங்குப் பொம்பளைக பதினோரு பேரையும் நிக்க வெச்சு, அவீங்க கண்ணு முன்னால வெட்டினாருங்க."

தனபால் எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவன். போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஏழு மாநிலம் சுற்றிவிட்டு, முதுகுவலி வந்து, ஓமலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் இருக்கும் இந்தத் துப்பறியும் ஆபீசில் உதவியாளனாய் ஒதுங்கியவன். அவனே அன்றைக்கு நக்கலை விட்டு, குஞ்சம்மாளுக்குத் தண்ணீர் மொண்டு வைத்தான்.

சௌந்தர்யா நகத்தைத் திரும்ப மடித்து வைத்தாள். இந்த ஆபீசைத் துவங்குவதற்கு முன் பதினோரு வருஷம் விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் அவள். பூவுக்குப் பூ ஒட்டுச் சேர்க்கும் கிராசிங் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்குக் கட்டைவிரல் நகம் என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தச்சனிடமிருந்து உளியைப் பிடுங்கினால் அவன் வேறு உளி வாங்கிக்கொள்வான். இதை எந்தக் கடையில் வாங்குவது? வளர்வதற்குள் பருவம் முடிந்துவிடும். வெட்டியவனுக்கும் அது தெரியும். தெரிந்துதான் வெட்டியிருக்கிறான்.

"எதுக்கு வெட்டினார்?" என்று கேட்டாள். குரல் மெதுவாக வந்தது. அது மெதுவாக வந்தால் தனபால் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வது வழக்கம்.

மேச்சேரி ரோட்டில் அப்புசாமி என்பவருடைய தோட்டம். இத்தனை காலம் மரவள்ளி போட்டவர், இந்த வருஷம்தான் முதல்முறையாக ஒரு விதைக் கம்பெனிக்கு வீரிய ஒட்டுப் பருத்தி விதை எடுத்துக் கொடுக்க இறங்கியிருந்தார். கிராசிங் வேலைக்குக் குஞ்சம்மாளின் கேங்கு.

"பூவு தானாப் பூக்குது, தானாக் காய்க்குது. அதுக்கு எதுக்குங்க கேங்கு?" என்றான் தனபால்.

"தானா உட்டாத்தான் சாமி வம்பே. பருத்திப் பூவுக்குள்ளயே ஆணும் இருக்குது, பொண்ணும் இருக்குது. தன்ற மகரந்தத்தைத் தானே போட்டுக்கும். அதைச் செல்புன்னு சொல்லுவோம். கம்பெனிக்கு அது ஆகாது. இந்தச் செடிப் பொண்ணுக்கு அந்தச் செடி மாப்பிள்ளைதான் வேணும்பாங்க. அதனால, நாளைக்குப் பூக்கற மொக்கா பாத்து, இன்னிக்குப் பொழுதோடவே நகத்தால சுத்திக் கீறி, இதழையும் ஆம்பளைத் தூளையும் ஒட்டுக்காக் கழட்டிப் போடோணும். நடுவால பொண்ணுக் குச்சி மட்டும் நிக்கும். அதுக்குச் சிவப்புக் காகிதப் பை மாட்டிருவோம். மறுநா காத்தால எட்டு மணிக்கு மேல, ஆம்பளை வரிசைல பூப் பறிச்சாந்து, பையை எடுத்துட்டு, குச்சித் தலைல தொட்டுட்டு, காம்புல நூல் கட்டோணும். ஆளுக்கொரு கலருங்க. என்றது நீலம்."

"ஒரு நாளைக்கு எத்தனை கல்யாணம் பண்ணி வெப்பீங்க?"

"ஆளுக்கு முந்நூறு நானூறு ஆகுமுங்க."

"அடேங்கப்பா! தை மாசத்து முகூர்த்தத்துல நம்ம ஜில்லா மண்டபம் அத்தனையும் சேந்தாக்கூட இந்தக் கணக்கு வராதுங்க அக்கா."

குஞ்சம்மாள் சிரிக்கவில்லை. மிச்சத்தையும் சொன்னாள். திங்கட்கிழமை மாலை கம்பெனியின் பீல்டு ஆபீசர் சந்தோஷ்குமார் ஒரு கூடைக் காயைக் கொண்டுவந்து கொட்டினார். எல்லாவற்றிலும் நீல நூல். எதிலும் நகம் பட்ட தழும்பு இல்லை. மொக்கை உரிக்காமலே, செல்புக் காயில் நூலைக் கட்டி ஏமாற்றியிருக்கிறாள் என்றார். அப்புசாமி கத்தரிக்கோலை எடுத்தார்.

"அந்தக் காய் நான் கட்டுனது இல்லீங்க. போன வாரமே என்ற நூல்கண்டு ஒண்ணு காணாமப் போச்சு. சொன்னாக் கேக்க ஆளில்ல. நேத்து வேற என்ற மக நிலா போனுக்கு இந்தப் படத்தை அனுப்பியிருக்காங்க."

மகளின் போனை நீட்டினாள். படத்தில் ஒரு கை மட்டும் தெரிந்தது. நீலக் கோடு போட்ட ஆண்பிள்ளைச் சட்டையின் முழுக்கை. பருத்திக் காட்டுப் பெண்கள் சேலைமேல் போட்டுக்கொள்கிற மாதிரிச் சட்டை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நீல நூல். இதழ் உரிக்காத ஒரு பூவின் காம்பில் அது கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. கீழே, 'திங்கள் காலை 9.30, கையும் களவுமாக' என்று எழுதியிருந்தது.

"சட்டை உங்களுதா?"

"என்றதுதானுங்க. மோட்டார் ரூம்புல மாட்டியிருந்தது. தொரத்துனப்ப எடுத்துக்கக்கூட உடலீங்க. இன்னிக்கு வெள்ளிக்கெழம மூணு மணிக்கு எஸ்.ஐ. வாராரு. 'தெரிஞ்சுதான் ஏமாத்துனேன்'னு பேப்பர் அடிச்சு வெச்சிருக்காங்க. நான் கைநாட்டு வெச்சாக் கேசு இல்லையாமா. வெச்சா, அதைக் காட்டி ஓமலூர்ல இருந்து மேச்சேரி வரைக்கும் எந்தக் காட்டுலயும் எங்க பன்னண்டு பேருக்கும் வேலையில்லைனு ஆக்கிருவாங்க. வெக்கலைன்னா ஜெயிலுங்கறாங்க. அடுத்த வாரம் கம்பெனிப் பெரிய ஆபீசரு பாக்க வாராராமா, அதுக்கு முந்தி நாளைக்கே டிராக்டர் உட்டுக் காட்டையே ஓட்டிப்போடறாங்களாம்."

"கைநாட்டா? உங்களுக்கு எழுதத் தெரியாதுங்களா?" என்றான் தனபால்.

"எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன் சாமி. அவீங்க கேக்கலீங்க."

இதைக் கேட்டும் கோபம் வராதவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். சௌந்தர்யாவுக்கு வந்தது. ஆனால் அவள் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அந்தக் கையை, அப்புறம் கைக்குப் பின்னால் இருந்த செடிகளை.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வேலை நடந்துதா?"

"பூவுக்கு ஞாயித்துக்கெழம ஏதுங்க? நடந்துச்சு."

"திங்கக்கிழமை சாயங்காலம்?"

"நகத்தை வெட்டுனதும் பன்னண்டு பேரும் கெளம்பி வந்துட்டமுங்க. அன்னையில இருந்து அந்தக் காட்டுல ஒரு மொக்கையும் ஒருத்தரும் தொடலை."

சௌந்தர்யா எழுந்தாள். "தனபாலு, வண்டிய எடு."

---

ஆம்னி வேன் ஓமலூரைத் தாண்டும்வரை தனபால் பொறுத்துப் பார்த்தான். முடியவில்லை.

"அக்கா, வாட்ஸப்புல வந்த படத்துல எடுத்த தேதி இருக்காதுங்களே. அவன் திங்கக்கெழமன்னு சொன்னாத் திங்கக்கெழமதான். வேற எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"தேதி படத்துலயே இருக்கு."

"எங்கீங்க? நானும் வெறிக்க வெறிக்கப் பாத்துட்டேன். கோடு போட்ட சட்டை, நீல நூலு, கை, பின்னால முழுக்க ரோஸ் கலர்ல பூவு. காலண்டரு எதுவும் தொங்கலை."

"நல்லாப் பார்த்திருக்கே."

"நக்கலுங்களா?"

"இல்லை. நிஜமாத்தான்."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு கியரை மாற்றினான். ஆயிரத்து இருநூறு அடி போயும் புகை மட்டும் வருகிற போரை வேடிக்கை பார்ப்பதுபோல இருக்கிறது என்று முணுமுணுத்தான். பின்சீட்டில் குஞ்சம்மாள் அந்தக் கட்டைவிரலை முந்தானையில் சுற்றிப் பிடித்தபடி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

தோட்டத்துக்கு வந்தபோது மணி இரண்டேகால். கார்த்திகை வெயில் இதமாய்த்தான் அடித்தது. காடு முழுக்கப் பூ. யாரும் உரிக்காமல் விட்ட பூ. வெளிர் மஞ்சளும் ரோஸுமாய்ப் பார்க்க அழகாய் இருந்தது. விதைக்காரர் கண்ணுக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை.

குஞ்சம்மாள் நேராக ஆண் வரிசைக்குப் போனாள். முதல் செடியில் ஒரு பூவைப் பறித்து விரித்தாள். நல்ல மஞ்சள். ஒவ்வொரு இதழின் அடியிலும் கருஞ்சிவப்பாய் ஒரு பொட்டு. வரிசையின் பாதியைத் தாண்டியதும் இன்னொன்றைப் பறித்தாள். வெளுத்த பூ. அதில் பொட்டு இல்லை.

"மாப்பிள்ளை மாறியிருக்காருங்க," என்றாள்.

சௌந்தர்யா இரண்டையும் வாங்கிப் பார்த்தாள். "இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"பதினஞ்சு நாளைக்கு முந்தியே ஆபீசரு தம்பிகிட்டச் சொன்னேன். பொட்டில்லாத பூவை என்ன பண்ணட்டும்னு கேட்டேன். 'அதையும் தொடு, வாயை மூடு'ன்னாரு. மனசு கேக்காமப் பண்ணையக்காரர்கிட்டயும் சொன்னேனுங்க."

"அவர் என்ன சொன்னார்?"

"'படிச்ச தம்பிக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாக்கும்'னாரு."

சௌந்தர்யா இரண்டு பூவையும் தனபாலிடம் கொடுத்தாள். அவன் அவற்றைச் சட்டைப்பையில் பத்திரமாய் வைத்துக்கொண்டான்.

"பொண்ணு வரிசைல இருந்தும் ரெண்டு பூப் பறி. வெளுத்தது ஒண்ணு, சிவந்தது ஒண்ணு. அப்புறம் வண்டியைத் தோட்டத்து வாசல்ல குறுக்கே நிறுத்து."

"குறுக்கேயா? வேற யாரும் வெளிய போக முடியாதுங்களே."

"அதுக்குத்தான்."

---

மோட்டார் ரூம் நிழலில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. அப்புசாமி வெள்ளை வேட்டியில் காலைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சந்தோஷ்குமார். கம்பெனி டீஷர்ட், பளிச்சென்ற ஷூ, முப்பது வயசு. எதிரே சப்-இன்ஸ்பெக்டர் செந்தமிழன், புதிதாய் மாற்றலாகி வந்தவர், மடியில் புகார் மனு. ஸ்டூலின்மேல் தட்டச்சு செய்த ஒரு தாளும் ஊதா மை அட்டையும் தயாராய் இருந்தன. சுவரில் ஆணியில் அந்த நீலக்கோட்டுச் சட்டை தொங்கியது.

"வாங்க அம்மிணி," என்றார் அப்புசாமி. "துப்பறியறவிய வாராங்கன்னு சொன்னாங்க. பருத்திக் காட்டுல என்ன துப்பு கெடைக்கப்போகுது? கையெழுத்துத் தெரியாத பொம்பளை, கைநாட்ட வெச்சுட்டுப் போகட்டும். பாவம்னுதான் கேசு வேண்டாங்கறேன்."

பாவமாம்! சௌந்தர்யா அவரை விட்டுவிட்டுச் சந்தோஷ்குமாரைப் பார்த்தாள்.

"இந்தப் படம் நீங்க எடுத்ததா?"

"ஆமா மேடம். திங்கட்கிழமை காலை ஒன்பதரை. நானே நேர்ல பார்த்து எடுத்தேன்."

"நல்லா நினைவிருக்கா? செவ்வாய், புதன் இல்லையே?"

"திங்கள்தான் மேடம். புகார்லயே எழுதிக் குடுத்திருக்கேன்."

எஸ்.ஐ. மனுவைப் புரட்டித் தலையாட்டினார். சௌந்தர்யா கையை நீட்டினாள். தனபால் பெண் வரிசைப் பூ இரண்டையும் அவள் கையில் வைத்தான்.

"சார், இது பொண்ணு வரிசையில இன்னைக்குக் காலையில பூத்தது. நிறம் வெளுப்பு. இதோ, இது அதே வரிசையில நேத்துப் பூத்தது. சிவந்துபோச்சு. பருத்திப் பூ ஒரு நாள் பூ. பூத்த அன்னைக்கு வெளுப்பு, மறுநாள் சிவப்பு, அப்புறம் உதிரும். இதைக் கம்பெனி மாத்த முடியாது, போலீஸ் மாத்த முடியாது. இவங்க கேங்குல சிவந்த பூவுக்கு என்னம்மா பேரு?"

"நேத்துப் பூங்க," என்றாள் குஞ்சம்மாள்.

"இப்பப் படத்தைப் பாருங்க. கைக்குப் பின்னால, பொண்ணு வரிசையில, பதினேழு நேத்துப் பூ. எண்ணிட்டேன். திங்கட்கிழமை எடுத்ததுன்னா, இந்தப் பதினேழும் ஞாயித்துக்கிழமை இதழோட பூத்திருக்கணும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் கேங்கு ஒரு நாள்கூட லீவு இல்லாம முதல்நாளே மொக்கை உரிச்சிருக்கு. உரிச்ச மொக்குல இதழ் ஏது சார்? இதழே இல்லாதது எப்படிச் சிவக்கும்?"

சந்தோஷ்குமார் சிரித்தார். "மேடம், வேலைல ஒண்ணு ரெண்டு விட்டுப்போகும். அதைத்தான் நானும் சொல்றேன்."

"ஒண்ணு ரெண்டு விட்டா ஒண்ணு ரெண்டு சிவக்கும். வரிசை முழுக்கச் சிவக்கணும்னா, ஒரு சாயங்காலம் முழுக்க யாருமே வேலை செய்யாம இருந்திருக்கணும். அப்படிப்பட்ட முதல் சாயங்காலம் திங்கக்கிழமை. இந்த அம்மாவோட நகத்தை வெட்டின சாயங்காலம். அன்னைக்கு உரிக்காத மொக்கெல்லாம் செவ்வாய்க்கிழமை இதழோட பூத்துச்சு. புதன்கிழமை சிவந்துச்சு. அதுக்கு முந்தி இந்தப் படத்தை யாராலயும் எடுத்திருக்க முடியாது."

எஸ்.ஐ. பூவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புசாமி காலை ஒடுக்கிக்கொண்டார். சந்தோஷ்குமார் உதட்டை நக்கினார்.

"சரி, என் போன்ல நாள் குழப்பமா இருந்திருக்கும். புதன்கிழமைன்னே வெச்சுக்கங்க. துரத்தின ஆத்திரத்துல, காட்டைக் கெடுக்கணும்னு திருட்டுத்தனமா வந்து கட்டியிருப்பா. கையும் களவுமாத்தானே எடுத்திருக்கேன்?"

இதற்காகத்தான் சௌந்தர்யா காத்திருந்தாள்.

"வந்திருக்கலாம். அப்போ இது எங்கிருந்து வந்துச்சு?"

செய்தித்தாள் மடிப்பைப் பிரித்து நகத்தை ஸ்டூலின்மேல், அந்தத் தட்டச்சுத் தாளின் நடுவில் வைத்தாள். பக்கத்தில் செல்போனை வைத்துப் படத்தைப் பெரிதாக்கினாள். நீல நூலைப் பிடித்திருந்த கட்டைவிரலில் முழு நகம், நுனி வளைந்து, பழுப்பேறி, பளபளவென்று இருந்தது.

"திங்கக்கிழமை வெட்டின நகம் இது. புதன்கிழமைக்குள்ள இத்தனை நீளம் வளர்ந்துடுச்சா? என்ன உரம் போட்டீங்கன்னு சொல்லுங்க. நாட்டுக்கே உபயோகப்படும்."

தனபால் தன் வழுக்கையைத் தடவியபடி, "எனக்கும் முன்மண்டைல கொஞ்சம் போடலாமுங்க" என்றான். அவன் குரலில் சிரிப்பு இல்லை.

"சட்டை இவங்களுது, கை வேற யாரோடதோ," என்றாள் சௌந்தர்யா. "வெளியூர்ல இருந்து யாரையோ கூட்டிவந்து..."

அங்கேதான் அவள் கணக்குத் தப்பியது.

அப்புசாமியின் மனைவி பொன்னாயி அந்த நேரம் தட்டில் டீ கொண்டுவந்து நின்றாள். முதல் டம்ளரைச் சௌந்தர்யாவிடம் நீட்டினாள். டம்ளரின் விளிம்பைப் பிடித்திருந்த கட்டைவிரலில் நீளமாய் ஒரு நகம். பருத்திக் கறையால் நுனி பழுப்பு. சௌந்தர்யா டம்ளரை வாங்கவில்லை. நகத்தையே பார்த்தாள். பொன்னாயி அவள் பார்வையைப் பார்த்தாள்.

"அது என்ற கைங்க," என்றாள் பொன்னாயி.

"ஏ, உள்ள போ!" என்றார் அப்புசாமி.

அவள் தட்டைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "போகமாட்டேன். நேத்துல இருந்து வாயை மூடிக்கிட்டிருந்தது போதும். குஞ்சக்காதான் எனக்கு இந்த வேலையச் சொல்லிக் குடுத்துச்சு. ரெண்டு மாசமா அது கூடவே நின்னு நானும் நகம் வளத்தேன். புதங்கெழம காத்தால இந்தத் தம்பி வந்து, 'கம்பெனி நோட்டீசுல போட ஒரு படம் வேணுங்க்கா, அந்தச் சட்டையப் போட்டுக்கங்க, அப்பத்தான் வேலை செய்யறாப்புல இருக்கும், நூலை இந்தப் பூவுல சும்மா கட்டுங்க'ன்னாரு. எனக்குப் பெருமையா இருந்துச்சுங்க. கட்டுனேன். நேத்து இவரு போன்ல பாத்தப்பத்தான் எதுக்குன்னு தெரிஞ்சுது."

"நேத்தே ஏன் சொல்லலை?" என்றாள் சௌந்தர்யா. அவளுக்கு இந்தப் பெண்மேலும் கோபம்தான். வாயைத் திறந்திருந்தால் ஒரு நாள் முன்னாலேயே முடிந்திருக்கும்.

பொன்னாயி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "கத்தரிக்கோலு இன்னும் இவரு கிட்டத்தானுங்களே இருக்குது."

சௌந்தர்யாவின் அந்தக் கோபமும் திரும்பி அப்புசாமி பக்கமே போனது. அவரோ எழுந்து சந்தோஷ்குமாரின் காலரைப் பிடித்துவிட்டார். "ஏன்டா, என்ற ஊட்டுக்காரியையே வெச்சு..." என்று கையை ஓங்கினார்.

"கையை எடுங்க!"

அதட்டியது சௌந்தர்யா. அவள் குரல் உயர்ந்து தனபால் அதுவரை கேட்டதில்லை. அப்புசாமியின் கை தானாக இறங்கியது.

"இவன் எதுக்குச் செய்தான்னு முதல்ல கேளுங்க. தனபாலு, பூவைக் காட்டு."

தனபால் சட்டைப்பையிலிருந்து இரண்டு ஆண் பூவையும் எடுத்து எஸ்.ஐ.யின் உள்ளங்கையில் வைத்தான். "பொட்டு வெச்சவரு நெஜ மாப்பிள்ளைங்க சார். பொட்டில்லாதவரு சந்தைல புடிச்சாந்த மாப்பிள்ளை."

"கம்பெனி குடுத்த ஆண் விதையில பாதியை இவர் வேற யாருக்கோ கைமாத்திவிட்டுட்டு, கடை விதையைக் கலந்து இங்கே விதைக்கக் குடுத்திருக்கார்," என்றாள் சௌந்தர்யா. "பூத்ததும் கண்டுபிடிச்ச ஒரே ஆள் குஞ்சம்மாள். அடுத்த வாரம் மேலதிகாரி பார்வைக்கு வந்தா வெளியே வந்துடும். அதுக்குள்ள, காணாமப்போன அந்த நூலைச் செல்புக் காயில கட்டி, அந்த அம்மாவைத் திருடின்னு ஆக்கணும். செல்பு கலந்துபோச்சுன்னு காட்டை உழுதுடணும். அப்புறம் எந்த மாப்பிள்ளைன்னு யார் கேட்பாங்க? சிவந்த பூ தேதியைக் காட்டிக்குடுக்கும்னு இவருக்குத் தெரியாதா என்ன? நல்லாத் தெரியும். கூலிக்கார பொம்பளைக்காக அதை எண்ணிப் பார்க்க எவளும் வரமாட்டான்னு நினைச்சார். அவ்வளவுதான்."

சந்தோஷ்குமார் மெதுவாகப் பின்வாங்கி, திரும்பி, பைக்கைப் பார்த்து ஓடினார். பைக் கிளம்பியது. வாசலில் குறுக்கே நின்ற ஆம்னிவரை போய் நின்றது.

"ரிவர்ஸ் கியர் மக்கர் பண்ணுதுங்க," என்று கத்தினான் தனபால். "சித்த நேரம் ஆகும்!" எஸ்.ஐ. எழுந்து போய், பைக் சாவியை உருவிக்கொண்டு, சந்தோஷ்குமாரைத் தோளில் கைபோட்டுத் திரும்ப அழைத்துவந்தார்.

அப்புசாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். குஞ்சம்மாள் பக்கம் திரும்பினார்.

"சரி, ஆனது ஆகிப்போச்சு. தெரியாமச் செஞ்சுபோட்டேன். நோம்பிக்கு உனக்கொரு நல்ல சேலையா எடுத்துத் தாரேன். மணி மூணு தாண்டிருச்சு, பாதிக் காடாவது மிஞ்சட்டும். கேங்குக்குப் போன் பண்ணு. இன்னிக்கு மொக்கு உரிக்க ஆரம்பிச்சரலாம்."

சௌந்தர்யா அவர் முன்னால் வந்து நின்றாள். "சேலையா? படத்தை எடுத்தது அவன். பொய் சொன்னது அவன். கத்தரிக்கோலை யார் எடுத்தது? அவன் எடுக்கச் சொன்னானா? பதினஞ்சு நாளைக்கு முந்தி உங்க காட்டைக் காப்பாத்த உங்ககிட்ட வந்து சொன்ன பொம்பளையோட விரலை..."

"அம்மிணி," என்றாள் குஞ்சம்மாள். "சித்தெ இருங்க."

அவள் ஸ்டூலுக்கு வந்தாள். நகத்தை எடுத்து ஓரமாய் வைத்தாள். அவள் கைநாட்டுக்காக அடித்து வைத்திருந்த தாளைப் புரட்டிப் போட்டாள். பின்பக்கம் வெள்ளையாய் இருந்தது. எஸ்.ஐ.யின் பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினாள். வெட்டுப்பட்ட விரல் பேனாவில் அழுந்தியபோது பல்லைக் கடித்துக்கொண்டாள். நிறுத்தி நிறுத்தி எட்டு வரி எழுதினாள். திங்கட்கிழமை, கத்தரிக்கோல், பதினோரு பேர், நூல்கண்டு, பொட்டில்லாத பூ, எல்லாம் அதில் இருந்தது. கீழே தன் பெயரை முழுசாகப் போட்டாள்.

எஸ்.ஐ. வாங்கிப் படித்தார். "யார்மேல புகார்மா? இந்த ஆபீசர் மேலதானே?"

"ரெண்டு பேரு மேலயுங்க."

அப்புசாமி நாற்காலியில் உட்கார்ந்தார். எழுதப்பட்டிருந்ததை எட்டிப் பார்த்தார். "உனக்கு எழுதத் தெரியுமா?" என்றார். அன்றைக்கு அவர் வாயில் வந்த முதல் உண்மையான கேள்வி அதுதான்.

குஞ்சம்மாள் மை அட்டையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"கையெழுத்துப் போட்டாச்சேம்மா, அது எதுக்கு?" என்றார் எஸ்.ஐ.

அவள் நகமில்லாத கட்டைவிரலை மையில் அழுத்தி, தன் பெயருக்குப் பக்கத்தில் ஊன்றி எடுத்தாள். நகம் இருந்த இடத்தில் மை ஏறிச் சுரீரென்று எரிந்திருக்கும். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. தாளை அப்புசாமிக்குத் தெரியும்படி திருப்பி வைத்தாள்.

"பேரு நான் எழுதுனதுங்க," என்றாள். "இது நீங்க வெட்டுனது."